எவ்வளவு சாப்பிட்டால் 'அளவுக்கு அதிகம்'?

ஹாஸ்டலில் எங்கள் மாடியில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பிரியாணி போட்டால் அவன் சாப்பிடுவதைப் பார்க்கவே நாலு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் போய் உட்காருவோம். 'சாப்பாட்டு ராமன்' என்று பட்டம் வேறு. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். தண்ணீர் பிடிக்கப் போனேன். மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், அவன் தனியாக உட்கார்ந்து ஒரு முழு பிரெட் பாக்கெட்டை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பாக்கெட்டைப் பின்னால் மறைத்தான். அது பசித்தவன் முகம் இல்லை. திருடி மாட்டிக்கொண்டவன் முகம். நான் என்ன செய்தேன்? "பயப்படாதடா, பங்கு கேக்க மாட்டேன்" என்று ஒரு ஜோக் அடித்துவிட்டு பாட்டிலோடு போய்விட்டேன்.

இது நடந்து ரொம்ப நாள் கழித்து ஒரு கேள்வித்தாளைப் படிக்க நேர்ந்தது. உணவுப் பழக்கம் சம்பந்தமான மனநலக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற கேள்வித்தாள். அதில் ஒரு கேள்வியின் சாரம் இது: கடந்த 28 நாளில், மற்றவர்கள் பார்த்தால் 'இது வழக்கத்துக்கு மீறிய அளவு' என்று நினைக்கும்படி எத்தனை முறை சாப்பிட்டீர்கள்?

அந்த 'மற்றவர்கள்' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். யார் அந்த மற்றவர்கள்? கல்யாணப் பந்தியில் இலை பக்கத்திலேயே நின்றுகொண்டு "இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோங்க" என்று வற்புறுத்துகிற மாமாவா? டயட்டில் இருக்கிற பக்கத்து ரூம் நண்பனா? கேள்வியை எழுதிய ஆங்கிலேய டாக்டரா? இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த சரித்திரம்தான் இந்தப் பதிவு. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: கடைசி வரை படியுங்கள், ஆடிட்டிங்கும் வரும் :-)

முதலில், நோய் என்ன?

ஆங்கிலத்தில் பின்ஜ் ஈட்டிங் டிஸார்டர் என்கிறார்கள். தமிழில் 'மிகை உண்ணல் கோளாறு' என்று வைத்துக்கொள்கிறேன். 'பெருந்தீனி' என்று ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதில் வசவு வாசனை அடிக்கிறது.

இது தீபாவளிக்கு மூக்கு முட்டத் தின்பது இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டின்படி இரண்டு விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட நேரத்துக்குள், உதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழ்நிலையில் பெரும்பாலோர் சாப்பிடுவதைவிடத் திட்டவட்டமாக அதிகம் சாப்பிடுவது. இரண்டு, நிறுத்த முடியவில்லை, நம் கையில் இல்லை என்ற உணர்வு. இதோடு ஐந்து அடையாளங்களில் மூன்றாவது இருக்க வேண்டும்: வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும் வரை சாப்பிடுவது, பசியே இல்லாமல் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, முடிந்தபின் தன் மேலேயே அருவருப்பும் குற்ற உணர்ச்சியும் வருவது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாவது இது தொடர வேண்டும். மனதுக்கு வேதனையாகவும் இருக்க வேண்டும். புலிமியா என்ற நோயில் வருவது போல, சாப்பிட்டதை வாந்தி எடுத்து ஈடுகட்டுகிற வழக்கம் இதில் இருக்காது.

மாடிப்படிக்குக் கீழே நான் பார்த்தது இந்த நோய்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபது வருடம் வால்பகுதியில்

1959-ல் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உடல் பருமன் உள்ளவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குண்டாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை, சிலருக்கு மட்டும் திடீரென்று ஒரு வெறி போல வந்து பெரிய அளவில் சாப்பிட்டு, பிறகு தன்னையே திட்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது என்று அதில் பிரித்துக் காட்டினார்.

1979-ல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் புலிமியா நெர்வோசாவை விவரித்தார். உடனே எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. வாந்தி எடுக்காமல், அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு அவஸ்தைப்படுகிறவர்கள் வெகு காலம் பெயரில்லாமலே கிடந்தார்கள். 1990-களின் ஆரம்பத்தில் ராபர்ட் ஸ்பிட்சர் குழுவினர் பல ஊர் மருத்துவ மையங்களில் ஆய்வு செய்து, இது தனி நோய் என்று வாதாடினார்கள். 1994-ல் வந்த டி.எஸ்.எம். நான்காம் பதிப்பில் இடம் கிடைத்தது, ஆனால் பின்னிணைப்பில். இன்னும் ஆராய வேண்டியவை என்ற பட்டியலில். முழு நோயாக அங்கீகாரம் கிடைத்தது 2013-ல், ஐந்தாம் பதிப்பில். முன்பு வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு மாதம் என்று இருந்த நிபந்தனையும் அப்போதுதான் தளர்ந்தது.

நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே கேள்வித்தாள்கள் வந்துவிட்டன. 1982-ல் கோர்மலியும் கூட்டாளிகளும் தயாரித்த 'பின்ஜ் ஈட்டிங் ஸ்கேல்' 16 கேள்விகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் சில வாக்கியங்கள் இருக்கும், நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 46. அதில் 27-ம் அதற்கு மேலும் வந்தால் கடுமையான நிலை. இதை உருவாக்கியது எடை குறைக்கச் சிகிச்சைக்கு வந்த பருமனான அமெரிக்கர்களை வைத்து. அதே வருடம் டொரண்டோவிலிருந்து 'ஈட்-26' என்ற 26 வாக்கியக் கேள்வித்தாள் வந்தது. அதில் 20 மதிப்பெண் எல்லைக்கோடு. முதலில் சொன்ன 28 நாள் கேள்வி, ஃபேர்பர்ன், பெக்லின் இருவரும் 1994-ல் வெளியிட்ட தாளில் உள்ளது.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து. இந்த மூன்று நாட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்துதான் உலகத்துக்கே அளவுகோல் போனது.

ஆடிட்டரின் பிரச்சினை

ஆடிட்டிங்கில் 'மெட்டீரியாலிட்டி' என்று ஒரு பாடம் உண்டு. கணக்கில் பத்தாயிரம் ரூபாய் உதைக்கிறது. அது பெரிய விஷயமா? டீக்கடைக்குப் பெரிய விஷயம். ஆயிரம் கோடி கம்பெனிக்கு ஒன்றுமே இல்லை. தொகையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, யாருடைய புத்தகம் என்று பார்க்க வேண்டும்.

ஸ்கிரீனிங் கேள்வித்தாளும் ஒரு டெஸ்ட் செக் மாதிரிதான். யாரை முழுசாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சல்லடை போடுகிறது, அவ்வளவுதான். இதில் இரண்டு வகைத் தப்பு வரலாம். நோயில்லாதவரை நோயாளி என்று பிடிப்பது ஒன்று. நோயுள்ளவரை விட்டுவிடுவது இன்னொன்று.

ஒரு சின்ன உதாரணம். 1999-ல் லண்டனில் 'ஸ்காஃப்' என்று ஐந்தே கேள்வி கொண்ட தாள் வந்தது. இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேலே பார்க்க வேண்டும். அதில் ஒரு கேள்வி, மூன்று மாதத்தில் ஒரு 'ஸ்டோன்' எடைக்கு மேல் குறைந்தீர்களா என்பது. ஸ்டோன் என்பது 14 பவுண்டு, சுமார் 6.35 கிலோ. பிரிட்டனைத் தாண்டினால் இந்த அளவை யார் பேசுகிறார்கள்? இன்னொரு கேள்வியில் 'சிக்' என்ற வார்த்தை. பிரிட்டிஷ் பேச்சில் அது வாந்தியைக் குறிக்கும். அமெரிக்கருக்கு வெறும் உடம்பு சரியில்லை. ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தக் கதி! எடை குறைவதையும் வாந்தியையும் கேட்கிற தாள், இரண்டுமே இல்லாத மிகை உண்ணல் கோளாறை எளிதில் தவறவிடும் என்பது தனிக் கதை.

வட இந்தியாவில் பிடிபட்டவர்கள், ஹாங்காங்கில் தப்பியவர்கள்

1989-ல் மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வட இந்திய நகரம் ஒன்றில் 580 பள்ளி மாணவிகளிடம் ஈட்-26 கொடுக்கப்பட்டது. பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அப்படியானால் அந்த ஊரில் மூன்றில் ஒரு பெண்ணுக்கு உணவுக் கோளாறா? இல்லை. பதில்களைப் பிரித்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட சில வாக்கியங்களை அந்தப் பெண்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. சமூகமும் பழக்கவழக்கமும் அந்தப் பதில்களுக்குள் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டு விஷயத்தில் கட்டுப்பாட்டோடு இருக்கிறீர்களா என்று அந்தத் தாள் கேட்கிறது. செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிற வீட்டில் வளர்ந்த பெண் பெருமையாக 'எப்போதும்' என்று டிக் அடிப்பாள். 'எப்போதும்' என்றால் மூன்று மதிப்பெண். நல்ல பெண் என்று எழுதிக் கொடுத்தவளை நோயாளிப் பட்டியலில் சேர்க்கிறது தாள்.

ஹாங்காங்கில் நேர் எதிர். சிங் லீ என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் 1993-ல் 70 அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள். அவர்களில் 41 பேருக்கு, குண்டாகிவிடுவோமோ என்ற பயமே கிடையாது. ஆனால் மேற்கத்தியக் கேள்வித்தாள்கள் அந்தப் பயத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தன. பயம் இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. இது பட்டினி நோய், நம் தலைப்பு இல்லைதான். ஆனால் ஓர் ஊரின் பயத்தை எல்லா ஊருக்கும் கேள்வியாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஜப்பானில் ஒரு வார்த்தை

ரஸ்ஸல் எழுதுவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1977-ல், நோகாமி, யபானா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மாதிரிச் சாப்பிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'கிபராஷி-குய்'. கிபராஷி என்றால் மனதை லேசாக்கிக்கொள்வது, ஆறுதலுக்காக எதிலாவது ஈடுபடுவது. குய் என்றால் தின்பது. மனசு ஆறத் தின்பது என்று சொல்லலாம்.

அழகான வார்த்தை. ஆனால் கேள்வித்தாளில் வைத்தால்? பரீட்சை முடிந்து தோழிகளோடு கேக் தின்று தீர்த்தவளும் 'ஆம்' என்பாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதபடி தின்றவளும் 'ஆம்' என்பாள். ஆங்கில வார்த்தையில் கட்டுப்பாடு போன தொனி இருக்கிறது. ஜப்பானிய வார்த்தையில் ஆறுதலின் தொனி இருக்கிறது. இரண்டையும் எண்ணி, இந்த நாட்டில் இத்தனை சதவீதம், அந்த நாட்டில் இத்தனை சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது ரூபாயையும் டாலரையும் மாற்றாமலே கூட்டுவது போல.

ஃபிஜி: விருந்தாளிகளின் தீவு

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கதைதான். ஆன் பெக்கர் என்பவர் மானுடவியலாளர், மனநல மருத்துவரும் கூட. ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதியில் வருடக்கணக்கில் ஆய்வு செய்தவர். அங்கே வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி உபசரிப்பது பெரிய மரியாதை. நன்றாகச் சாப்பிட்டு உடம்பு போடு என்பது அன்பான பேச்சு. ஒருவர் இளைத்தால், வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை போல என்று ஊர் பேசும். (நம்ம ஊர்ப் பாட்டிகள் ஞாபகம் வருகிறதா?)

1995-ல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்போதும், மூன்று வருடம் கழித்து 1998-லும், பள்ளி மாணவிகளிடம் ஈட்-26 கொடுத்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். இந்த எண் உலகம் முழுக்கப் பிரபலமானது.

அவ்வளவு பிரபலமாகாதது 2003-ல் வந்த இன்னோர் ஆய்வு. 50 ஃபிஜியப் பெண்களிடம், அவர்களுடைய சொந்த நட்ரோகா பேச்சில் தயாரித்த கேள்வித்தாளைக் கொடுத்தார் பெக்கர். பத்து சதவீதம் பேர் வாரம் ஒரு முறையாவது இப்படிச் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். நான்கு சதவீதம், அதாவது இரண்டு பேர், மிகை உண்ணல் கோளாறின் அடையாளங்களையே சொன்னார்கள்.

வெறும் இரண்டு பேர்தானே என்று தோன்றும். ஆனால் வாரி வாரிச் சாப்பிடுவதையும் பெரிய உடம்பையும் ஊரே கொண்டாடுகிற இடம் அது. அங்கே இந்த நோய் எங்கே வரப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விருந்தில் எல்லோரும் நிறையச் சாப்பிடுகிற ஊரில், தனியாக வேதனைப்பட்டுச் சாப்பிடுகிறவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். அவர் பேச்சில் கேட்ட பிறகுதான் தெரிந்தார்.

நம்ம சென்னையும் உண்டு

1990-களில் சென்னையில் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். மேற்கத்தியப் புத்தகத்தில் உள்ள முழு வடிவம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம், சாப்பாடு, எடை பற்றிய ஒரு மிதமான அவஸ்தை இருந்தது. அதற்கு 'உணவு அவதி' என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார்கள். 1998-ல் வெளியான கட்டுரையில், இங்குள்ளவர்களுக்கென்றே ஒரு ஸ்கிரீனிங் கேள்வித்தாளையும் உருவாக்கித் தந்தார்கள். வட இந்திய ஆய்வு வந்து பத்தே வருடத்துக்குள். இரவல் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, முள் சரியில்லை என்று தாங்களே ஒன்று செய்துகொண்டவர்கள்.

தாள் சரி, பார்ப்பவர்?

கேள்வியை மாற்றிவிட்டால் போதுமா? அமெரிக்காவில் கேத்ரின் கோர்டன் குழுவினர் 2006-ல் ஒன்று செய்தார்கள். ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தொந்தரவைக் காட்டும் ஒரே பத்தியை மனநலத் துறையினரிடம் கொடுத்தார்கள். எழுத்து மாறவில்லை, அவள் இனம் மட்டும் மாறியது. வெள்ளைப் பெண் என்றிருந்தபோது 44 சதவீதம் பேர் பிரச்சினை என்றார்கள். ஹிஸ்பானிக் பெண் என்றால் 41. கறுப்பினப் பெண் என்றால் வெறும் 17. மற்றவர்கள் என்றால் யார் என்று கேட்டேனே, இதோ ஒரு பதில்.

2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புகளை வைத்து 14 நாடுகளின் நிலவரம் வெளியானது. 24,124 பேர். வாழ்நாளில் எப்போதாவது மிகை உண்ணல் கோளாறு இருந்தவர்கள் சுமார் 1.4 சதவீதம், புலிமியாவைவிட அதிகம். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த 14-ல் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை.

அளவு மாறியது

இப்போதெல்லாம் தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதில்லை. ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலரை உட்காரவைத்து 'இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன புரிகிறது' என்று கேட்பார்கள். நேர்முகத்தில் கண்டதோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டு எல்லைக்கோட்டை உள்ளூருக்கு ஏற்ப நகர்த்துவார்கள்.

இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஐ.சி.டி.-11. அதில் 'பெரும்பாலோர் சாப்பிடுவதைவிட' என்ற பேச்சு இல்லை. அந்த நபர் தன் வழக்கத்தைவிட அதிகமாகவோ வேறு விதமாகவோ சாப்பிடுகிறாரா, நிறுத்த முடியவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறதா என்று பார்க்கிறது. அளவுகோல் மற்றவர்கள் கையிலிருந்து அவஸ்தைப்படுகிறவர் கைக்கு வந்துவிட்டது. டீக்கடைக்கு டீக்கடையின் புத்தகம்.

1959-லிருந்து 2019 வரை, அறுபது வருடம் ஆகியிருக்கிறது 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்பதற்கு.

மாடிப்படி நண்பனிடம் அந்த 28 நாள் கேள்வியைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பான்? மற்றவர்கள் அதிகம் என்று நினைப்பார்களா? அவனைச் சுற்றியிருந்த மற்றவர்கள் நாங்கள்தான். நாங்கள் சிரித்தோம், பட்டம் கொடுத்தோம், இன்னொரு தட்டு எடுத்து வந்து வைத்தோம். 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பான். நம் மொழியில் நிறையச் சாப்பிடுகிறவனுக்கு எத்தனை கேலிப் பெயர்! 'நிறுத்த முடியலடா' என்று அவன் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. சொன்னாலும் 'வாயைக் கட்டு' என்போம்.

இதைப் படிக்கிற யாருக்காவது மேலே சொன்ன அடையாளங்கள் தன்னுடையதாகத் தெரிந்தால், அது உங்கள் ஒழுக்கக் குறைபாடு இல்லை. சிகிச்சை உள்ள ஒரு கோளாறாக இருக்கலாம், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நண்பனுடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிவை முடித்துவிட்டுக் கூப்பிடப் போகிறேன். என்ன கேட்பது என்று இவ்வளவு படித்தும் சரியாகத் தெரியவில்லை. முதலில் 'ராமா' என்று கூப்பிடாமல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.